சமயபுரத்திலிருந்து சிங்கப்பூர் எத்தனை மணி நேரம்?

திருச்சி விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். பயணச்சீட்டில் போட்டிருக்கும் நேரம் சுமார் நாலேகால் மணி. சமயபுரம், மண்ணச்சநல்லூர், லால்குடிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது அங்கே போய் வந்தவராக இருப்பார். அவர்களைக் கேட்டால் இந்த இரண்டு எண்களையும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஆனால் போகும்போது இறங்கிய ஊர்க் கடிகாரத்தைப் பார்த்தால் ஆறேமுக்கால் மணி நேரம் ஓடிப்போயிருக்கிறது. வரும்போது இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டிலிருந்து கிளம்பிப் போய்ச் சேர்வதற்கோ பத்து மணி நேரம் ஆகிறது. ஒரே பயணத்துக்கு ஏன் இத்தனை கணக்குகள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தூரம். எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள்? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமாக ஒரு மையப்புள்ளி உண்டு. பெரும்பாலும் அது ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். திருச்சியின் புள்ளி வட அட்சரேகை 10.77 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 78.71 பாகை. சாங்கியின் புள்ளி அட்சரேகை 1.36, தீர்க்கரேகை 103.99. அட்சரேகை என்பது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு என்பதைச் சொல்வது. தீர்க்கரேகை, லண்டனை அடுத்த கிரீன்விச்சிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எவ்வளவு என்பதைச் சொல்வது. இந்த நான்கு எண்கள் கையில் இருந்தால் போதும், மிச்சம் பள்ளிக்கூடத்து முக்கோணவியல்தான்.

அளக்கும் கோட்டுக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். ஒரு பூசணிக்காயின் மேல் இரண்டு புள்ளிகள் வைத்து, அவற்றுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் படியும். பூமியின் மேல் அப்படிப் படியும் நூல்தான் பெருவட்டப் பாதை. சுவரில் மாட்டிய வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுக்கும் கோடு இதுவல்ல. தில்லியையும் சிகாகோவையும் வரைபடத்தில் அளவுகோலால் இணைத்தால் கோடு வட ஆப்பிரிக்காவின் வடவிளிம்பு வழியாகப் போய் அட்லாண்டிக்கைக் கடக்கும். பூமி உருண்டையில் நூலை இழுத்தால் அது வடதுருவத்துப் பக்கமாக ஏறி இறங்கும். இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வித்தியாசம் வரும்.

திருச்சி–சிங்கப்பூருக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், பதினொரு பாகைக்குள் இருக்கின்றன. அங்கே வரைபடக் கோடும் பெருவட்டப் பாதையும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு.

அந்தக் கோடு எதன் மேலெல்லாம் போகிறது என்று பார்ப்பது சுவாரசியமான வேலை. திருச்சியிலிருந்து கிழக்கே, சற்றுத் தெற்காகச் சாய்ந்து புறப்படுகிறது. டெல்டாவைத் தாண்டி வேதாரண்யத்தின் அருகே கடலில் இறங்குகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பருத்தித்துறையை வலப்பக்கம் விட்டு வங்கக் கடலைக் குறுக்காகக் கடக்கிறது. நிகோபார் தீவுகளுக்குத் தெற்கே போய், சுமத்திராவின் வடமுனையில் ஆச்சே பகுதியில் கரையேறுகிறது. மேடான் நகரை ஒட்டிப் போய், மலாக்கா நீரிணையின் மேலாகச் சிங்கப்பூரை அடைகிறது. முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்லும் இலாமுரிதேசம் இந்த வடசுமத்திரா முனைதான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. சோழர் மரக்கலங்கள் போன திசையிலேயே இன்றைய விமானமும் போகிறது.

இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் ஓர் எண்ணும் இன்னொரு பக்கம் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகவும் காட்டும். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. பூமி சரியான உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் துருவத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம். சிலர் பூமியை உருண்டை என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள், சிலர் இடுப்புப் பருத்த வடிவத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இந்தப் பருமனை அளந்தறிந்த வேலையில் நம் ஊருக்கும் பங்குண்டு. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் தொடங்கிய நில அளவை தெற்கே இறங்கிவந்தது. தொலைவைப் பார்த்து அளக்க, சமவெளியில் உயரமான இடத்துக்குக் கோயில் கோபுரங்களை விட்டால் வேறு வழியில்லை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. லாம்டன் அதை வாரக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்து மேற்கொண்டு அளந்தார்.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. அவர்கள் அளவு கடல் மைல். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, பூமியின் மேற்பரப்பில் ஒரு கடல் மைல். அது 1.852 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் சாங்கி நமக்கு ஏறத்தாழ 1,610 கடல் மைல்.

இதுவரை சொன்னது நூல் இழுத்த தூரம். விமானம் உண்மையில் பறக்கும் தூரம் எப்போதும் இதைவிடச் சற்று அதிகம். வானத்திலும் வழித்தடங்கள் உண்டு. ஐந்தெழுத்துப் பெயர் வைத்த கற்பனைப் புள்ளிகளை இணைத்து அவை அமைக்கப்படுகின்றன. விமானம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போகிறது. கடலின் பெரும்பகுதியில் சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் இருக்கும் விமானத்தைப் பிறகு கிழக்கே உள்ள நாடுகளின் மையங்கள் ஏற்றுக்கொள்கின்றன. வழியில் இடிமேகம் இருந்தால் சுற்றிப் போக வேண்டும். சாங்கியில் நெரிசல் என்றால் வானத்தில் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும்.

இனி நேரம். திருச்சியிலிருந்து போகும் நடுத்தர ஜெட் விமானங்கள், அதாவது ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை, உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துப் போகின்றன. 2,980-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். சீட்டில் இருப்பதோ நாலேகால். மிச்ச நாற்பது நிமிடம் எங்கே போனது?

சீட்டில் அச்சிடப்படும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்துக் கிளம்பும் நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நேரம் வரை உள்ள கால அளவுதான் சீட்டில் இருப்பது. விமானத் துறையில் இதை பிளாக் டைம் என்பார்கள். இதற்குள் பல அடங்கும். திருச்சியில் விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருக்கும் நேரம். சாங்கியில் இறங்கி, அந்தப் பெரிய நிலையத்தில் தனக்கு ஒதுக்கிய வாயிலுக்கு ஊர்ந்து போகும் நேரம். இவற்றோடு, தாமதமானால் ஈடுகட்டச் சில நிமிடங்களை விமான நிறுவனம் முன்கூட்டியே சேர்த்துவைக்கும். “இருபது நிமிடம் முன்பாகவே வந்துவிட்டோம்” என்று அறிவிப்பு வரும்போது விமானி விரட்டி ஓட்டினார் என்று பொருள் இல்லை. சேர்த்துவைத்த நிமிடங்கள் அன்றைக்குச் செலவாகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது காற்று. இங்கே இரண்டு வேகங்களைப் பிரித்தறிய வேண்டும். சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து விமானம் போகும் வேகம் காற்றுவேகம். கீழே உள்ள தரையைப் பொறுத்து அது போகும் வேகம் தரைவேகம். காற்றே அசையாமல் நின்றால் இரண்டும் ஒன்று. எதிர்க்காற்று அடித்தால் தரைவேகம் குறையும், பின்காற்று அடித்தால் கூடும். ஊர் போய்ச் சேரும் நேரத்தை முடிவு செய்வது தரைவேகம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது திருச்சிக்காரர்களுக்கு வெறும் பழமொழி அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று காவிரிக் கரை முழுவதும் புழுதி கிளப்பும். அப்படியானால் ஆடி மாதத்தில் கிழக்கே சிங்கப்பூருக்குப் போகும் விமானத்தை அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும், சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு.

தென்மேற்குப் பருவக்காலத்தில் தரையருகே காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. விமானம் பறக்கும் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்திலோ காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. இன்னும் மேலே, பதினாலு பதினைந்து கிலோமீட்டரில், அது தென்னிந்தியாவின் குறுக்கே ஓர் ஆறுபோல வேகமெடுத்து ஓடுகிறது. இதற்கு வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று பெயர். கோடையில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் கடுமையாகச் சூடாவதால் உயரத்தில் அழுத்த வேறுபாடு ஏற்பட்டு இந்தக் காற்று உருவாகிறது. 1950-களில் இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச்சொன்னவர்களில் முன்னோடி இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம்.

எண்ணில் சொன்னால் எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். 830, 780 ஆகிறது. மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம், மூன்று மணி நாற்பத்தொன்பது நிமிடமாகிறது. திரும்பி வரும்போது அதே காற்று பின்காற்று. தரைவேகம் 880. மூன்று மணி இருபத்துமூன்று நிமிடத்தில் வந்துவிடலாம். போவதற்கும் வருவதற்கும் ஏறத்தாழ 26 நிமிட வித்தியாசம். தூரத்தில் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

தரைக்காற்றும் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக, ஏறத்தாழ 8,000 அடி நீளத்தில் கிடக்கிறது. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே கிளம்பும், அப்போதுதான் இறக்கை எளிதாகத் தூக்கும். ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருவதால், கிழக்கே போக வேண்டிய விமானம் மேற்கு நோக்கிக் கிளம்பி, வளைந்து திரும்பிக் கிழக்கே போக வேண்டியிருக்கும். சன்னலோரம் உட்கார்ந்து “சிங்கப்பூர் அந்தப் பக்கம்தானே?” என்று குழம்புகிறவருக்கு இதுதான் பதில்.

அடுத்து கடிகாரம். சீட்டில் புறப்படும் நேரம் திருச்சி நேரம், சேரும் நேரம் சிங்கப்பூர் நேரம். இரவு 10 மணிக்குக் கிளம்பும் விமானம் நாலேகால் மணி நேரம் கழித்து இறங்கும்போது நம் கடிகாரத்தில் 2.15. அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால் அப்போது 4.45. திரும்பும்போது சிங்கப்பூரில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் நமக்கு அது 7.30. நாலேகால் மணி நேரம் பறந்து திருச்சியில் இறங்கும்போது 11.45. இதனால்தான் போக ஆறேமுக்கால், வர ஒன்றேமுக்கால் என்ற மயக்கம்.

அந்த இரண்டரை மணி நேர வித்தியாசம்கூடச் சூரியன் கொடுத்தது அல்ல. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். திருச்சிக்கும் சாங்கிக்கும் இடையே 25.28 பாகை. அப்படியானால் சூரியன் கணக்கில் வித்தியாசம் ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம்தான். மீதி நாற்பத்தொன்பது நிமிடம் அரசுகள் போட்டது. இந்தியா 1906-லிருந்து 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து நேரம் குறிக்கிறது. திருச்சி அதற்கு மேற்கே இருப்பதால் நம் உச்சிப்பொழுது சராசரியாகப் பன்னிரண்டேகாலுக்கு வருகிறது. சிங்கப்பூர் 1982-இல் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டது. அங்கே உச்சிப்பொழுது ஏறத்தாழ ஒரு மணிக்கு. இலங்கையும் இப்படி மாறிப் பார்த்தது. 1996-இல் நேரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் திரும்ப இந்திய நேரத்துக்கே வந்துவிட்டது.

இலங்கை என்றதும் இன்னொரு விஷயம். வெளிநாடு என்றால் தூரம் என்று ஒரு நினைப்பு நமக்கு உண்டு. திருச்சியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் 295 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி 185 கிலோமீட்டர்கூட இல்லை. கொழும்பு 420. தில்லியோ 1,985. 2019-இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2025 முதல் திருச்சியிலிருந்து அங்கே நேரடி விமானமும் போகிறது. ஆனாலும் தூரம் குறைந்த அளவுக்கு நேரம் குறைவதில்லை. கடவுச்சீட்டுச் சோதனை, சுங்கம், முன்கூட்டியே போய்க் காத்திருத்தல் எல்லாம் 185 கிலோமீட்டருக்கும் ஒன்றுதான், 2,980 கிலோமீட்டருக்கும் ஒன்றுதான். குறுகிய பயணத்தில் அந்தக் காத்திருப்பே பயணத்தை விழுங்கிவிடும்.

சிங்கப்பூருக்குக் கொழும்பு வழியாகப் போனால்? திருச்சி–கொழும்பு 420, கொழும்பு–சாங்கி ஏறத்தாழ 2,750. கூட்டினால் 3,170. நேர் வழியைவிட ஆறு சதவீதம்தான் அதிகம். வரைபடத்தில் பார்த்தால் நல்ல வழியாகவே தெரியும். ஆனால் கொழும்பில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரம் இரண்டு மணியா எட்டு மணியா என்பதை எந்தத் தூரக் கணக்கும் சொல்லாது. சென்னை வழியும் அப்படித்தான். சென்னையிலிருந்து சாங்கி 2,925 கிலோமீட்டர், திருச்சியைவிட ஐம்பத்தைந்து கிலோமீட்டர் கிட்டே. வானத்தில் அது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிட லாபத்துக்காக யாரும் ஐந்தாறு மணி நேரம் சாலையில் போக மாட்டார்கள். திருச்சியிலிருந்து நேரடி விமானம் வருவதற்கு முன் டெல்டாக்காரர்கள் பலர் வேறு வழியில்லாமல் சென்னைக்குப் போய்த்தான் ஏறினார்கள். அதற்கும் முந்தைய தலைமுறைக்குக் கப்பல். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. பயணம் ஏறத்தாழ ஒரு வாரம்.

கடைசியாக, வீட்டு வாசல் கணக்கு. சமயபுரத்திலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்க்கோட்டில் 18 கிலோமீட்டர், சாலையில் இருபதுக்கு மேல். நம்பர் 1 டோல்கேட், கொள்ளிடம் பாலம், காவிரிப் பாலம், பால்பண்ணை, டிவிஎஸ் டோல்கேட், பிறகு புதுக்கோட்டை சாலை. சாதாரண நாளில் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவது வழக்கம். விமானத்தில் நாலேகால். சாங்கியில் இமிகிரேஷன், பெட்டி, அங்கிருந்து தங்குமிடம் என்று ஒன்றரை இரண்டு மணி. மொத்தம் பத்து மணி நேரம் தாராளமாக ஆகிறது. இதில் உயரத்தில் முழு வேகத்தில் பறப்பது மூன்றில் ஒரு பங்குதான்.

2024 ஜூனில் திருச்சியின் புதிய முனையம் செயல்படத் தொடங்கியபின் உள்ளே இடம் விசாலமாகியிருக்கிறது. ஆனால் பயண நேரத்தைக் குறைப்பது என்றால் விமானத்தை வேகமாக்குவது என்றே பேச்சு போகிறது. ஜெட் விமானங்களின் வேகம் அறுபது ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. குறைக்க முடிந்த நிமிடங்கள் பெரும்பாலும் தரையில்தான் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது: இமிகிரேஷன் வரிசையில், பெட்டி வரும் பட்டையில், டிவிஎஸ் டோல்கேட் சிக்னலில்.

சீட்டு எடுக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சேரும் நேரம் எந்த ஊர்க் கடிகாரம் என்று பாருங்கள், தேதி மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாசிப் பூச்சொரிதல் நாட்களிலும் சித்திரைத் தேரோட்டத்தன்றும் நெடுஞ்சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் நிரம்பியிருக்கும், போக்குவரத்தைத் திருப்பியும் விடுவார்கள். அன்றைக்கு விமானம் இருந்தால், முந்தின நாளே காவிரிக்குத் தெற்கே வந்து தங்கிவிடுங்கள்.